எட்டுப் பேருக்கு ஒரு தட்டு

1

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் பதினொன்றே முக்கால் மணிக்கு, டொராண்டோவுக்கு வெளியே இருக்கும் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் எட்டுக் குழந்தைகளுக்கு ஒரே தட்டில் மக்ரோனியைப் பிசைந்து, உருட்டி, என் கையால் வாயில் ஊட்டிவிட்டேன். எட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டன. என் வேலை போய்விட்டது என்று அப்போதே தெரிந்துகொண்டேன். சரியாகச் சொன்னால் வேலை இன்னும் கிடைத்திருக்கவில்லை. அன்று எனக்கு வைத்திருந்தது சோதனை நாள். ஆக, கிடைப்பதற்கு முன்பே போய்விட்டது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதில் என்ன குற்றம் என்று புரியாது. இங்கே இருக்கிறவர்களுக்கு இதில் என்ன நியாயம் என்று புரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பவள் நான். அதனால் இரண்டு பக்கமும் திட்டு வாங்கிப் பழக்கம் உண்டு.

என் பெயர் குணசுந்தரி. இங்கே முழுப் பெயரையும் சொல்ல யாருக்கும் மூச்சு போதவில்லை என்பதால் ‘குணா’ ஆகிவிட்டேன். ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில் ஒரு ஊர். குணா என்று கூப்பிட்டால் எங்கள் ஊரில் நாலு ஆண்பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

2

ஐம்பத்து மூன்று வயதில் குழந்தைகள் காப்பகத்தில் ஏன் வேலை தேட வேண்டும் என்று கேட்பீர்கள். இருபது வருஷமாக ஒரு ரொட்டிக் கம்பெனியில் ரொட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். கம்பெனி வேறு மாகாணத்துக்குப் போய்விட்டது. எங்களையும் வரச் சொல்லவில்லை. வீட்டுக்காரருக்கு முதுகுவலி. லேத் மெஷின் முன்னால் முப்பது வருஷம் நின்ற முதுகு. அவர் இந்த வருஷம் நின்றுவிட வேண்டும், நான் போக வேண்டும் என்று வீட்டில் பேசி முடிவெடுத்தோம்.

எனக்கு ரொட்டியைத் தவிர வேறு என்ன தெரியும் என்று யோசித்தபோதுதான் 1991 ஞாபகம் வந்தது. அந்த வருஷம் நான் பால்வாடி டீச்சர். இரண்டு வருஷம் இருபத்திரண்டு பிள்ளைகளை மேய்த்திருக்கிறேன்.

என் மகள் அனிதாவிடம் சொன்னேன். அவள் இங்கே பிறந்தவள், வயது இருபத்தாறு, நகரத்தின் நடுவில் தனியாக வீடெடுத்து இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள். ஏழு வயதுவரை என் கையால்தான் சாப்பிட்டாள். இப்போது தோசையை முள்கரண்டியால் சாப்பிடுகிறாள். நான் அதைப் பார்க்காத மாதிரி சட்னி ஊற்றுவேன். விண்ணப்பம் எழுதித் தர லேப்டாப்போடு உட்கார்ந்தவள், 1991 என்று நான் சொன்னதும் நிறுத்திவிட்டாள்.

“அம்மா, அந்த வருஷத்த எடுத்துடலாம். உன் வயசு தெரிஞ்சிடும்.”

“அந்த வருஷத்த எடுத்துட்டா அப்புறம் என்கிட்ட என்னடி மிச்சம்? ரொட்டியா?”

எழுதினாள். அந்த இணையப் படிவத்துக்கு அன்றைய வேலையிடத்தின் கதவு எண் வேண்டுமாம். கதவு இருந்தால்தானே எண் இருக்கும்? ‘ஏரிக்கரை ஓரம்’ என்று போட்டால் சிவப்பாக எழுத்து வந்தது. ‘பிள்ளையார் கோயிலுக்கு முன்னால்’ என்றால் அதற்கும் சிவப்பு. கடைசியில் அனிதா எண் 1 என்று போட்டாள். கணினி உடனே சமாதானமாகிவிட்டது. எங்கள் ஊர் பால்வாடிக்குக் கதவு எண் கிடைத்தது இப்படித்தான்.

3

அந்தக் காலத்தில் வேலை தேடியதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்று ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றால் கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து ஆளை அள்ளிக்கொண்டு போகின்றன என்கிறார்கள். 1991இல் கார் கம்பெனியும் இல்லை, ஒன்றும் இல்லை. பிளஸ் டூ முடித்த பெண் வேலைக்குப் போக வேண்டுமென்றால் தையல், டைப்ரைட்டிங், இல்லாவிட்டால் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். எனக்குத் தையல் வராது. டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ள ஸ்ரீபெரும்புதூர் போக வேண்டும். பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்தன.

முதலில் போனது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு இங்கிலீஷ் நர்சரிக்கு. கரஸ்பாண்டன்ட் ஒரு ரைம்ஸை அபிநயத்தோடு பாடிக் காட்டச் சொன்னார். எனக்கு ஒரே ஒரு பாட்டின் வரிகள் தெரியும், மெட்டு தெரியாது. விட முடியுமா? வல்லக்கோட்டைக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் பாடும் மெட்டில் பாடினேன், காலையும் அப்படியே எடுத்து வைத்தேன். வாசலில் நின்ற பியூன் கைதட்டினார். கரஸ்பாண்டன்ட் தட்டவில்லை. வீட்டுக்குக் கடிதம் வரும் என்றார். இன்றுவரை வரவில்லை.

அடுத்தது வேலைவாய்ப்பு அலுவலகம். வரிசையில் நின்று பதிந்து, அட்டை வாங்கி, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கச் சொன்னார்கள். இரண்டு தடவை புதுப்பித்தேன். அரசாங்கம் என்னைக் கூப்பிட நினைத்தால் இனிமேல் ஓய்வுக்குத்தான் கூப்பிட வேண்டும்.

மூன்றாவதாக ஒரு தொண்டு நிறுவனம். வாலாஜாபாத்தில் ஆபீஸ். கிராமங்களில் பால்வாடி நடத்தினார்கள். நேர்காணலுக்கு மே கடைசியில் வரச் சொல்லிக் கார்டு வந்தது. அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை. எங்கள் பக்கம் பஸ் ஓடவில்லை, ரோடெல்லாம் போலீஸ், பெரியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். என் நேர்காணல் ஜூனுக்குத் தள்ளிப்போனது. அவ்வளவு பெரிய துக்கத்தின் நடுவில் எனக்கு இந்தக் கவலைதான் இருந்தது என்று சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. இருபது வயது அப்படித்தான் இருந்தது.

ஜூனில் போனேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். ஒரு குழந்தை அழுகிறது, ஒரு குழந்தை வாந்தி எடுக்கிறது, அந்த நேரம் பார்த்து மேலதிகாரி ஜீப்பில் வந்து இறங்குகிறார், முதலில் யாரைக் கவனிப்பாய் என்று கேட்டார்.

“வாந்தி எடுக்கற பிள்ளய நான் பாத்துக்குவேன் சார். அழுற பிள்ளய அவர கொஞ்ச நேரம் தூக்கிக்கச் சொல்லுவேன்.”

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். வேலை கிடைத்துவிட்டது.

4

பால்வாடி என்பது ஏரிக்கரை ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. எங்கள் ஊரை உங்களுக்குத் தெரியாவிட்டாலும் அதன் அமைப்பு தெரியும். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் கொஞ்சம் வெற்றிடம். நிறுவனத்துக்காரர்கள் யோசித்து அந்த வெற்றிடத்தில் கொட்டகை போட்டிருந்தார்கள். ஊரிலிருந்து பதிமூன்று பிள்ளைகள், காலனியிலிருந்து ஒன்பது. நான் ஊர்க்காரி. ஆயா பச்சையம்மாவும் ஊர்தான்.

இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு நிறுவனம் கொடுத்தது பத்துத் தட்டு. ஜூலைக்குள் அதில் நாலு காணாமல் போய்விட்டது. பச்சையம்மாவைக் கேட்டால் காக்கா தூக்கிப் போனதாகச் சொன்னாள். எந்தக் காக்கா என்று எனக்குத் தெரியும், அதன் வீடும் தெரியும். ஆறு தட்டை வைத்து நாலு பந்தி போட்டால் சாயந்திரம் ஆகிவிடும். அதனால் வீட்டிலிருந்து பெரிய தாம்பாளம் ஒன்றை எடுத்து வந்தேன். சோறும் பருப்பும் போட்டுப் பிசைந்து நடுவில் உட்காருவேன். பிள்ளைகள் சுற்றி வட்டமாக உட்காரும். ஒரு உருண்டை இவனுக்கு, ஒரு உருண்டை அவளுக்கு என்று சுற்றிக்கொண்டே போவேன். தன் முறை எப்போது வரும் என்று பார்ப்பதிலேயே பிள்ளைகளுக்குப் பசி எடுத்துவிடும். வீட்டில் சாப்பிடாதது எல்லாம் வட்டத்தில் சாப்பிட்டது. அரை மணியில் பந்தி முடியும், கழுவ ஒரே ஒரு தாம்பாளம்.

அந்த வட்டத்தில் எனக்கு நேர் எதிரில் எப்போதும் எஸ்தர் உட்காருவாள். காலனியிலிருந்து வரும் மூன்று வயதுப் பெண், சகாயமேரியின் மகள். உருண்டை வருவதற்கு முன்பே வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பாள், கொசு போனாலும் மூட மாட்டாள்.

ஊரில் பேச்சு வராமல் இருக்குமா? சித்தப்பா அப்பாவிடம் வந்து ஒரு மணி நேரம் பேசினார். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“இன்னாமா, எல்லாப் பசங்களுக்கும் ஒரே தட்டாமே? ரெண்டா வெச்சிக்க கூடாதா?”

“ரெண்டு தட்ட யாருப்பா கழுவறது? சித்தப்பாவ வரச் சொல்லு.”

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்துவிட்டாள். அப்பாவுக்கும் சிரிப்பு வந்து, மேலே பேச முடியாமல் எழுந்து போய்விட்டார். இரண்டு வருஷமும் அந்தத் தாம்பாளத்திலேயே ஊட்டினேன். கல்யாணமாகி, பிறகு இவரோடு விமானம் ஏறி இங்கே வந்து சேர்ந்தேன். டொராண்டோவில் நாலு தமிழர் சேர்ந்து ஊர்க்கதை பேசும்போதெல்லாம் இந்தத் தாம்பாளக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

5

இனி அந்த வியாழக்கிழமை.

காலையில் குழந்தைகளை வெளியே விளையாடக் கூட்டிப்போக வேண்டும். இங்கே குளிர்காலத்தில் வெளியே போவதென்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் தலை முதல் கால்வரை ஒரு பஞ்சு உடுப்பு, அதன்மேல் பூட்ஸ், குல்லா, இரண்டு கையுறை. எட்டுக் குழந்தைக்குப் பதினாறு கையுறை. நாற்பது நிமிஷம் போராடி எட்டாவது குழந்தைக்கு ஜிப்பை இழுத்து மூடும்போது முதல் குழந்தை ஒன்றுக்கு வருகிறது என்றது. எங்கள் ஊரில் இதற்கு வெளியே ஒரு வேப்பமரம் இருந்தது. திரும்ப எல்லாவற்றையும் கழற்றினேன். எனக்கு அங்கேயே வியர்த்துவிட்டது.

சாப்பாட்டு வேளையில் விதி வேறு. குழந்தைகளே போட்டுக்கொள்ள வேண்டும், குழந்தைகளே எடுத்துச் சாப்பிட வேண்டும், பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நல்ல வார்த்தை பேச வேண்டும். மூன்று வயது ஒலிவர் கரண்டியைத் தூக்கிப் போட்டான். மக்ரோனியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். நான் நல்ல வார்த்தை பேசினேன். அவன் காதிலும் ஒன்றை வைத்துக்கொண்டான். கூட இருந்த பெண், அவன் தினமும் சாப்பிட மாட்டான், விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு யாருக்கோ மூக்குத் துடைக்கப் போனாள்.

பட்டினியாக ஒரு பிள்ளை என் எதிரில் உட்கார்ந்திருக்கிறது. என் கைக்கு அது பொறுக்கவில்லை. நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினேன். அவன் தட்டிலிருந்த மக்ரோனியை மசித்து உருட்டி, “ஆ” என்றேன். இந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். வாயைத் திறந்தான். விழுங்கினான். பக்கத்திலிருந்த பெண் குழந்தையும் “ஆ” என்றது. அதற்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா? பிறகு எட்டும் நாற்காலியை இழுத்துக்கொண்டு என்னைச் சுற்றி வந்துவிட்டன. பாத்திரத்தில் மிச்சமிருந்ததையும் ஒலிவரின் தட்டிலேயே கொட்டிப் பிசைந்தேன். மூன்றாவது சுற்று போய்க்கொண்டிருந்தபோது நிமிர்ந்தேன். வாசலில் காப்பகத்தின் மேலாளர் லிண்டா காப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

திட்டியிருந்தால் தேவலை. பயந்துபோயிருந்தாள். அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து மெதுவாகக் கேட்டாள். ஒருவன் எச்சில் இன்னொருவனுக்குப் போகாதா? யாருக்காவது ஏதாவது ஒவ்வாமை இருந்திருந்தால்? குழந்தை தானாகச் சாப்பிடக் கற்க வேண்டாமா? மூன்றும் நியாயமான கேள்வி. பிறகு சொன்னாள், ஒலிவர் இங்கே மத்தியானம் சாப்பிட்டு இன்றுதான் பார்க்கிறேன், அதனால் உன்னை உடனே வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. நீ குழந்தைகளோடு வேலை செய்ததை நேரில் பார்த்த யாராவது ஒருவரோடு நான் பேச வேண்டும். ரொட்டிக் கம்பெனி மேனேஜர் உதவ மாட்டார்.

அனிதாவிடம் போனில் சொன்னேன்.

“அம்மா, கையாலயா? எல்லாருக்கும் அதே கையா?”

“ரெண்டு கையாலயும் ஊட்டியிருந்தா இன்னும் சீக்கிரம் முடிஞ்சிருக்கும்.”

அவள் சிரிக்கவில்லை. அம்மா, உனக்கு இந்த வேலை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன். வீட்டுக்காரர் அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தார்.

6

1991இல் என்னைப் பார்த்தவர்கள் யார் இருக்கிறார்கள்? தொண்டு நிறுவனத்தை மூடிவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் இல்லை. பச்சையம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது அகலமான ரோடு, எண் 1 உட்பட. மிச்சம் இருப்பது அந்தப் பிள்ளைகள் மட்டும்தான். அனிதாதான் வழி சொன்னாள். யாருக்கு வேலை செய்தாயோ அவர்களும் சாட்சி சொல்லலாம் என்றாள். ஊர் வாட்ஸப் குழுவில் விசாரித்து இரண்டு நாளில் எஸ்தரின் நம்பர் கிடைத்தது. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அவளுக்குக் கீழே நாற்பது பேர் வேலை செய்கிறார்கள்.

போன் போட்டால், “டீச்சர், இன்னா டீச்சர், எங்க கீறீங்க?” என்றாள். குரலில் அந்த மூன்று வயதுப் பெண்ணைத் தேடினேன், கிடைக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். லிண்டா கேட்டால் நேரம் தவறாதவள், பொறுமைசாலி என்று சொல்லும்மா, ஊட்டியதை மட்டும் சொல்லிவிடாதே என்று கெஞ்சினேன்.

“கவலய வுடுங்க டீச்சர். ஆடிட்டுக்கு வர்ற வெள்ளக்காரனுக்கே நான்தான் லைன சுத்திக் காட்டுவேன்.”

நாள் குறித்தோம். எங்களுக்குக் காலை எட்டரை, அவளுக்குச் சாயந்திரம் ஏழு, செகண்ட் ஷிப்டில் டீ பிரேக். லிண்டாவின் அறையில் அவள் மேஜைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் ஸ்பீக்கர் போட்ட போன்.

ஆரம்பம் பிரமாதம். எத்தனை வருஷமாகத் தெரியும் என்று லிண்டா கேட்டாள். “தர்ட்டி இயர்ஸ் மேடம். டெய்லி ரிப்போர்ட்டிங் டைம் கரெக்ட். நோ ஆப்சென்ட். நோ கம்ப்ளைன்ட்,” என்றாள் எஸ்தர். லிண்டா புருவத்தைத் தூக்கிக்கொண்டே எழுதினாள். என்னை ஏதோ மெஷின் என்று நினைத்திருப்பாள். நான் மேஜைக்கு அடியில் விரலைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

பிறகு லிண்டா பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள். அவளிடம் இருந்தபோது உனக்கு எப்படி இருந்தது? என்ன ஞாபகம் இருக்கிறது?

அந்தப் பக்கம் கேண்டீனில் டம்ளர் வைக்கிற ஓசை மட்டும் கேட்டது. பிறகு எஸ்தர் தமிழில் பேச ஆரம்பித்தாள்.

“டீச்சர், இத எனக்கு இங்கிலீஷ்ல சொல்ல வரல. நீங்களே சொல்லிடுங்க. ஒரே தாம்பாளம் டீச்சர். ஊர்ப் பசங்க வாய்க்கும் எங்க வாய்க்கும் உங்க ஒரே கை. வூட்டுக்குப் போனா எங்கம்மா தெனம் கேக்கும், இன்னிக்கும் கையால குடுத்தாங்களான்னு. ஆமான்னு சொன்னா அன்னிக்கு அது மொகமே வேற.”

லிண்டா என்னைப் பார்த்தாள். என்ன சொல்கிறாள்?

சொல்லாதே என்று கெஞ்சியது அப்படியே வந்துவிட்டது, அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டியவளும் நான்தான். நேரம் தவறாதவள் என்று சொல்கிறாள் என்று ஒரு பொய் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் எஸ்தர் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உள்ளபடியே சொன்னேன். அங்கே ஒரு பக்கத்துப் பிள்ளைகளை இன்னொரு பக்கத்தார் தொட மாட்டார்கள், நான் அந்த இன்னொரு பக்கம், எல்லோருக்கும் ஒரே தட்டில் ஊட்டியதைச் சொல்கிறாள் என்றேன். லிண்டா மூக்கை உறிஞ்சினாள். ஆனால் அவள் காப்பகம் நடத்துகிறவள், விடுவாளா? கடைசிவரை எல்லோருக்கும் ஒரே தட்டுதானா, கேள் என்றாள். கேட்டேன். அந்தக் கேள்வியை நான் நிம்மதியாகத்தான் கேட்டேன்.

“எங்க டீச்சர், ரெண்டு மூணு மாசம்தான். அப்புறம் புதுத் தட்டு வந்திச்சே. அவங்களுக்கு சில்வரு, எங்களுக்குப் பச்ச பிளாஸ்டிக்கு. நீங்க அவங்களுக்கு ஊட்டிகினு இருப்பீங்க. எங்களுக்கு ஆயா எட்ட நின்னு போட்டுகினு போவும். நான் வாயத் தொறந்துகினே ஒக்காந்திருப்பேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்து அடுத்த சூப்பர்வைசரிடம் கணக்கு ஒப்படைக்கிற மாதிரிதான் சொன்னாள்.

நாலாவது பகுதியில் இரண்டு வருஷமும் ஒரே தாம்பாளம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அது பொய். எழுதிக்கொண்டு வரும்போது அந்த இடத்தில் உண்மையைப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், கை வரவில்லை. எஸ்தர் சொல்லும்வரை அதுதான் என் ஞாபகமாகவே இருந்தது. இத்தனை வருஷம் கைதட்டு வாங்கியதில் அப்படி ஆகிவிட்டது. நடந்தது இது. அப்பா சிரித்தார், ஊர் சிரிக்கவில்லை. ஆகஸ்டில் ஊர்ப் பிள்ளைகள் ஏழு பேர் நின்றுவிட்டார்கள். பெற்றோர் ஒத்துழைக்காத சென்டரை மூடிவிடுவோம் என்று வாலாஜாபாத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். எனக்கு வேலை போய்விடுமே என்று பயம். இரண்டு விதத் தட்டு வந்து இறங்கியது, சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டது நான். பதிமூன்று சில்வர், ஒன்பது பச்சை. ஏழு பேரும் திரும்பி வந்தார்கள். தாம்பாளத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன்.

லிண்டா காத்திருந்தாள். என்ன சொல்கிறாள்?

“கொஞ்ச நாளைக்குப் பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனித் தட்டு வந்துவிட்டது என்கிறாள்,” என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அன்று முதல் தடவையாக லிண்டா முழுசாகச் சிரித்தாள். நாங்களும் இங்கே அப்படித்தானே செய்கிறோம், நீ முப்பது வருஷத்துக்கு முன்பே கற்றுக்கொண்டுவிட்டாய் என்றாள். படிவத்தில் சுகாதாரம் என்ற இடத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டாள். அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னாள்.

7

வீட்டில் கேசரி செய்தேன். அனிதா வாரநாளிலேயே வந்தாள். வீட்டுக்காரர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். எஸ்தருக்கு, வேலை கிடைத்துவிட்டது, உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை என்று செய்தி அனுப்பினேன். மறுநாள் அவளிடமிருந்து குரல் பதிவு வந்தது.

“ரொம்ப சந்தோசம் டீச்சர். நல்லா இருங்க. தட்டு வந்திச்சின்னு மட்டும்தான் அந்தம்மாகிட்ட சொன்னீங்க. ரெண்டு நெறம்னு சொல்லல. எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் டீச்சர். பரவால்ல, வேல முக்கியம் இல்ல? அன்னிக்கும் அதான.”

பதில் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று. என்னை மன்னிச்சிடும்மா என்று பேசி அனுப்பினேன். அவளிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அவள் கீழ் வேலை செய்யும் நாற்பது பேரும் லீவு கேட்டால் இதைத்தான் அனுப்புவாள்போல.

லிண்டாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும். உங்களிடம் முதலில் சொல்லிப் பார்க்கிறேன்.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்தார்கள், அதில் குணா என்று இருந்தது. குழந்தைகள் வருவதற்கு முன் நேராகச் சமையலறைக்குப் போய், அலமாரியைத் திறந்து, தட்டுகளை எடுத்துப் பார்த்தேன். எட்டும் ஒரே நிறம்.